வியாழக்கிழமைத் தண்ணீர்

அந்த ஆய்வகத்தில் அவரை வெந்நீரக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். காலை ஏழரைக்கு வந்து, செருப்பை மாற்றி, முதல் வேலையாகத் தண்ணீரைச் சூடேற்ற வைக்கிற ஒருவருக்கு வேறு பெயர் பொருந்தாது. "என்னக்கா, குளிக்கவா குடிக்கவா?" என்று கேட்டபடி, உலோகம் கடையும் லேத்துக்காரர் தினமும் வாசலைக் கடந்து போவார். "உன்னைத் துவைக்க" என்று இவர் தலையைத் திருப்பாமலே சொல்வார். பத்தொன்பது வருடமாக அதே கேள்வி, அதே பதில். இருவருக்கும் சிரிப்பு நின்று வெகுகாலமாகியும் பேச்சு நிற்கவில்லை.

அங்கே செய்தது தாமிரத் தகடுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. தகட்டின் ஒரு பக்கத்தில் நூற்றிருபது வாய்க்கால்கள் வெட்டியிருக்கும்; ஒரு வாய்க்காலுக்குள் இரண்டு தலைமுடியைச் சேர்த்து நுழைத்தால் மூன்றாவதற்கு இடமிருக்காது. மேலே மூடி போட்டு, ஒரு முனையில் தண்ணீரைச் செலுத்தி மறுமுனையில் வெளியே எடுப்பார்கள். வேலை செய்யச் செய்யக் கொதிக்கிற மின்கருவிகளின் முதுகில் இந்தத் தகட்டைப் பொருத்திவிட்டால், உள்ளே ஓடும் தண்ணீர் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும்.

அகலமான குழாயில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி சுவரைத் தொடுவதே இல்லை. ஓரத்துத் தண்ணீர் சுட்டுக்கொண்டிருக்க, நடுத்தண்ணீர் ஒன்றும் அறியாமல் கடந்து போகும். வாய்க்காலைக் குறுக்கிக்கொண்டே போனால் நடு என்று ஒன்று இல்லாமல் ஆகிவிடுகிறது. எந்தச் சொட்டும் சுவருக்குத் தூரமில்லை. சூடு கை மாறுவதற்கு அதுதான் வேண்டும். ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் சின்ன விஷயமும் பெரிதாகிவிடும். ஒரு தூசி வாய்க்காலை அடைக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, சுவரின் சூடு பட்டதும் பொடிப்பொடிக் குமிழ்களாக வெளியே வந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வளர்ந்து, பிய்ந்து, தண்ணீரைக் கலக்கிவிடும். கலங்கிய தண்ணீர் சூட்டை இன்னும் வேகமாக வாங்கும். கருவியில் பார்த்தால் தகடு பிரமாதமாக வேலை செய்வதுபோலத் தெரியும். அது தகட்டின் திறமை இல்லை, காற்றின் விளையாட்டு. தகடு உண்மையில் வேலை செய்யப்போகும் இடத்தில் மூடிய குழாய்களுக்குள் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். சில நாளில் காற்றெல்லாம் வெளியேறிவிடும். அப்புறம் அந்தப் பிரமாதமும் இருக்காது.

அதனால்தான் வெந்நீரக்கா. சோதனைக்குப் போகும் தண்ணீரை அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டு, காற்றுப் படாமல் ஆறவைத்து, பிறகே தொட்டிக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் முடிய இரண்டு மணி நேரம் ஆகும். அவர் பெரிய அறிவாளி என்று சொல்ல முடியாது. வாய்க்காலுக்குள் நடப்பதைப் பற்றிய கணக்குகள் அவருக்குத் தெரியாது. ஒரு வேலையை நேற்றுச் செய்ததுபோலவே இன்றும் செய்பவர், அவ்வளவுதான். யோசித்தால், அப்படிப்பட்டவர்கள் அதிகம் பேர் இல்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சோதனைத் தாளில் "நீர் காய்ச்சப்பட்டது" என்ற வரிக்கு எதிரே ஐந்து நாளுக்கு ஐந்து கட்டங்கள் இருக்கும். நாளெல்லாம் ஈரக்கையோடு நிற்பவர் அவர். கையெழுத்துப் போட்டால் மை ஊறிக் காகிதம் கிழியும். ஆகவே திங்கட்கிழமை காலை, தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே, வெள்ளி வரைக்கும் ஐந்து கையெழுத்தையும் போட்டுவிடுவார். "வெந்நீரக்கா திங்கட்கிழமையே வெள்ளிக்கிழமைக்கு ஜோசியம் சொல்லிடுவாங்க" என்று கேலி செய்வார்கள். பத்தொன்பது வருடத்தில் அந்த ஜோசியம் பொய்த்ததில்லை என்பதால் யாரும் தடுக்கவும் இல்லை.

சோதனைப் பிரிவின் தலைவர் அவருடைய தங்கையின் கணவர். முதலில் பொறியாளராக வந்தவர்தான். இரண்டு வருடம் பக்கத்து மேசையிலிருந்து கவனித்துவிட்டு, "சாப்பிட்ட டப்பாவை அவரே கழுவி வெக்கிறாரு, குரல் உசத்தி நான் கேட்டதில்ல" என்று சொல்லித் தங்கைக்குப் பேசி முடித்தவர் வெந்நீரக்காவேதான். "நான் சோதிச்சுப் பாத்துத்தான் அனுப்பினேன்" என்று வேலையிடத்துச் சொல்லிலேயே பெருமை பேசுவார். தன் கணவர் இறந்து பதினொரு வருடமாகிவிட்டது, பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தங்கை வீட்டில்தான். ஆய்வகத்தில் அந்த மனிதரை "சார்" என்பார், வீட்டில் "மாப்பிள்ளை". ஒருமுறை பெரிய கூட்டத்தில் வாய்தவறி "மாப்பிள்ளை, அழுத்தம் ஏறுது" என்று கத்திவிட, அன்றைக்கு முழுக்கப் பிரிவே அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது. அவரும் சிரித்துக்கொண்டார்.

தங்கைக்குப் பித்தப்பையில் கல். அறுவைச் சிகிச்சைக்குக் கிடைத்த நாள் ஒரு வியாழன். அதே வியாழனன்று புதிய தகட்டின் கடைசிச் சோதனை. வெள்ளி காலைக்குள் அறிக்கை, தகடு வாங்குபவர்களிடம் போயாக வேண்டும்.

"நான் எப்படிக்கா கிளம்புறது?" என்றார் மாப்பிள்ளை, புதன்கிழமை மாலை. "நீங்க போயி கூட இருங்க. தண்ணிய நான் பாத்துக்கறேன்."

"லீவு எழுதிக் குடுத்துடறேன்."

"எதுக்கு? என் பொண்டாட்டிக்காகப் போறீங்க, உங்க லீவு போகணுமா? பதிவேட்டுல வந்ததா நானே போட்டுக்கறேன். கையெழுத்துதான் திங்கட்கிழமையே போட்டாச்சே."

அந்த நேரத்தில் அது உதவி. இருவரும் அப்படித்தான் நினைத்தார்கள். அதில் ஐயமில்லை.

வியாழன் காலை ஒன்பது நாற்பதுக்கு மருத்துவமனைப் படிவத்தில் "உடனிருப்பவர்" என்ற இடத்தில் வெந்நீரக்கா கையெழுத்திட்டார். மாலை தங்கை கண் திறந்து முதலில் கேட்டது, "அவர் சாப்பிட்டாராக்கா?" என்றுதான்.

வெள்ளிக்கிழமை ஆய்வகம் கல்யாண வீடுபோல இருந்தது. வழக்கமாக எழுபத்து நாலு டிகிரிக்கு ஏறும் தகட்டின் சுவர், வியாழன் சோதனையில் அறுபத்தொன்றோடு நின்றுவிட்டதாம். அதே சூடு, அதே நீரோட்டம். புதிய வாய்க்கால் வடிவம் ஜெயித்துவிட்டது என்றார்கள். வெந்நீரக்கா காய்ச்சும் பாத்திரத்தைத் தூக்கினார். உள்ளே புதன்கிழமை அவர் துடைத்துவிட்டு வைத்த துணி மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"மாப்பிள்ளை," என்றார் தாழ்ந்த குரலில், "தண்ணி காய்ச்சினீங்கல்ல?"

"காய்ச்சாம இருப்பேனாக்கா? சின்னப் பாத்திரத்துல காய்ச்சினேன்."

சின்னப் பாத்திரத்தில் ஒரு சோதனைக்கு வேண்டிய தண்ணீர் கொள்ளாது. அது அவருக்குத் தெரியும். இரண்டு தடவையாகக் காய்ச்சியிருக்கலாம் என்று தனக்குத்தானே விடை சொல்லிக்கொண்டார். சரிபார்க்காமல் விடுவதற்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர் நம்பிக்கை. அன்று அவர் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இந்தக் கதையில் அவர் செய்த தவறுகள் இரண்டு. திங்கட்கிழமைக் கையெழுத்து ஒன்று, இந்தத் துணி மற்றொன்று.

ஏழு மாதம் கழித்து, தகடுகளை வாங்கிய நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். முப்பது வயதிருக்கும். கோபமே இல்லாத முகம், ஆனால் கேள்வியை விட மாட்டார். தகடு பொருத்திய கருவிகள் முதல் வாரம் சரியாக ஓடி, அப்புறம் சூடேறத் தொடங்கிவிட்டன. இரண்டு எரிந்தே போயின. ஒரு வாரம் நன்றாயிருந்து பிறகு கெடுவது ஏன் என்று கண்டுபிடிக்காமல் ஊர் திரும்புவதில்லை என்றார்.

"தகடு வெட்டினதுல வித்தியாசம் வந்திருக்கலாம்" என்றார் பிரிவுத் தலைவர்.

"வெட்டினதை அளந்துட்டேன் சார். சரியா இருக்கு. தண்ணியில காத்து இருந்திருக்குமோன்னு பாக்கறேன்."

வெந்நீரக்காதான் முன்வந்தார். "காய்ச்சின தண்ணி ஒரு தடவை, காய்ச்சாத தண்ணி ஒரு தடவை, அதே தகட்டுல ஓட்டிப் பாத்துடுங்கம்மா. ரெண்டு மணி நேரத்துல தெரிஞ்சுடும். நான் காய்ச்சறேன்."

"எதுக்குக்கா அதெல்லாம்?" என்றார் தலைவர். ஆய்வகத்தில் பிறர் முன்னால் அவர் "அக்கா" என்றது அன்றுதான் முதல் தடவை. வெந்நீரக்கா அதைக் கவனிக்கவில்லை. மறந்துபோய் ஒருநாள் காய்ச்சாமல் விட்டது தெரியவந்தால், "அவசரத்துல விட்டுப்போச்சு" என்று மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்வார், கொஞ்சம் திட்டு விழும், விஷயம் முடியும். அவர் கணக்கு அவ்வளவுதான்.

சோதனைத் தகட்டுக்குக் கண்ணாடி மூடி உண்டு. காய்ச்சிய தண்ணீர் ஓடும்போது வாய்க்கால்கள் வெறுமையாகக் கிடப்பதுபோலத் தெளிவாக இருந்தன. சுவர் எழுபத்து நாலு. குழாயில் பிடித்த தண்ணீரை விட்டதும், உருப்பெருக்கியின் கீழே சுவரெல்லாம் குமிழ் முளைத்தது. கடுகு கொட்டியதுபோல. சுவர் அறுபத்தொன்று.

பொறியாளர் கண்ணை உருப்பெருக்கியிலிருந்து எடுத்தார். "அந்த வியாழக்கிழமை தண்ணி காய்ச்சல. ஆனா காய்ச்சினதா கையெழுத்து இருக்கு. இது யாரோடது?"

"என்னோடதும்மா" என்றார் வெந்நீரக்கா, சட்டென்று. சொல்லிவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார், மீதியை அவர் சொல்லட்டும் என்று.

"தண்ணி அவங்க பொறுப்பு" என்றார் அவர். "நான் தாளைப் பாத்து நம்பினேன்."

இதற்கு அடுத்த வாக்கியம் வரும் என்று வெந்நீரக்கா காத்திருந்தார். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. வரவில்லை.

"அன்னிக்கு நான் இங்க இல்லம்மா. திங்கட்கிழமையே அஞ்சு நாளுக்கும் போட்டுடுவேன், கை ஈரமாயிடும்னு. அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்தேன். சாருக்குத் தெரியும்."

பொறியாளர் திரும்பினார். "இவங்க அன்னிக்கு வேலைக்கு வந்திருந்தாங்களா சார்?"

அவர் வெந்நீரக்காவைப் பார்க்கவில்லை. அலமாரியில் இருந்த வருகைப் பதிவேட்டைக் காட்டினார். "வந்திருந்தாங்க. அதுலயே இருக்கு."

லேத்துக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் தலையைச் சொறிந்தார். "தினமும் கேக்கற கேள்விதாங்க. எந்த நாள் கேக்கலைன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? மன்னிச்சுடுக்கா." அவர் பொய் சொல்லவில்லை. ஏழு மாதத்துக்கு முந்தைய ஒரு காலையை யார்தான் தனியாகப் பிரித்தெடுப்பது?

"நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம்மா" என்றார் பொறியாளர். "ஆனா எனக்கு ஒரு காகிதம் வேணும். திங்கக்கிழமை வரைக்கும் இருக்கேன்."

சனிக்கிழமை வெந்நீரக்கா மருத்துவமனைப் பதிவு அறைக்குப் போனார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் கணினியில் தேடினாள். கிடைத்துவிட்டது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் திரையைத் திருப்பவில்லை.

"நோயாளி எழுதிக் குடுக்கணும். ஒரு வரி போதும், கையெழுத்தோட."

"கூட இருந்தது நான்தாம்மா. அதுல இருக்கறது என் கையெழுத்து."

"இருக்கலாம். வயிறு அவங்களோடது இல்லையா?"

நியாயம்தான். வெந்நீரக்காவுக்குச் சிரிப்புகூட வந்தது. தங்கை ஒரு வரி எழுதினால் போதும் என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. வழியில் வெள்ளைத் தாளும் புதுப் பேனாவும் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை கதவைத் திறந்தபோது கண் சிவந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டில் இல்லை. எங்கே என்று கேட்காமலே, "கடைக்குப் போயிருக்காரு" என்றாள். வெந்நீரக்கா நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. தங்கை எந்த இடத்திலும் ஆச்சரியப்படவில்லை. நம்மை எவரும் ஒரு நொடியில் கைவிடுவதில்லை. ஏற்கெனவே பேசி முடித்துவிட்ட வீட்டுக்குள் நாம் தாமதமாக நுழைகிறோம்.

தாளை மேசையில் வைத்தார். "ஒரு வரிடீ. 'என் சிகிச்சைப் பதிவை என் அக்காவிடம் கொடுக்கவும்.' அவ்வளவுதான்."

தங்கை தாளைத் தொடவில்லை. "குடுத்தா அவரு பொய் சொன்னாருன்னு ஆயிடும்."

"சொன்னாருல்ல?"

"பயத்துல சொல்லிட்டாருக்கா. ரெண்டு மெஷின் எரிஞ்சிருக்கு. வேலையே போயிடும். உனக்கு ரெண்டு வருஷத்துல ரிட்டயர்மெண்ட். உன்னை அனுப்பல்லாம் மாட்டாங்க, வேற பிரிவுக்கு மாத்துவாங்க, அவ்வளவுதான். அவரு பேசிக்கறேன்னு சொல்லியிருக்காரு."

"எப்போ சொன்னாரு?"

தங்கை அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"எப்போடீ சொன்னாரு?"

"அந்தப் பொண்ணு வர்றான்னு லெட்டர் வந்தப்போ." பிறகு அவசரமாக, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போகட்டும்க்கா."

"சரி. தலைப்பாகை நானா?"

"நீ எப்பவும் இப்படித்தான், வார்த்தையைப் பிடிச்சுக்குவ." தங்கை அழத் தொடங்கினாள். "எனக்கு மட்டும் ஆசையா? எனக்கு நீயும் வேணும், அவரும் வேணும்."

"வயித்தைக் கிழிச்சுப் படுத்திருந்தியே, அன்னிக்கு உன் பக்கத்துல உக்காந்திருந்தது யாரு? எனக்குச் சொல்ல வேண்டாம். யாரும் இல்லாத இந்த வீட்டுல, உனக்கு நீயே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லு."

அழுகைக்கு நடுவில், "சாப்பிட்டுப் போக்கா" என்றாள். வெந்நீரக்கா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பேனாவை விட்டுவிட்டார், மறதியாகத்தான்.

அன்று அவர் வீடுவரை நடந்தே போனார். பொய் சொன்னவர்மேல் வந்த கோபம் அவருக்குப் புரிந்தது. தன்மேல் வந்த வெட்கம்தான் புரியவில்லை. ஏமாற்றியவருக்கு வராத வெட்கம் ஏமாந்தவருக்கு ஏன் வருகிறது என்பதற்கு நல்ல விடை எங்கும் கிடைப்பதாகத் தெரியவில்லை. தன்னுடைய அளவுகோலே தப்பு என்று தெரிந்துபோவதால் இருக்கலாம். இரண்டு வருடம் பக்கத்து மேசையிலிருந்து பார்த்து, சரி என்று முத்திரை குத்தியவர் அவர்தானே.

திங்கட்கிழமை பொறியாளர் கேட்டார், "கிடைச்சுதாம்மா?"

"இல்லம்மா."

"யாராவது குடுக்க மறுத்தாங்களா?"

தலைவர் அந்த அறையில்தான் இருந்தார். பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். தங்கை பெயரைச் சொல்லிவிட்டால், பொறியாளர் நேரே தங்கையிடமே போய் நிற்பார். விடமாட்டார் என்பது மூன்று நாளில் தெரிந்துவிட்டது. பிறகு அந்தத் தங்கை அந்நியர் முன்னால் அக்காவைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டியிருக்கும், அல்லது புருஷனைப் பற்றி உண்மை. வெந்நீரக்கா மேசையிலிருந்து ஒரு தாளை இழுத்துக்கொண்டார்.

"காகிதம் இல்லம்மா. நான் எழுதிக் குடுக்கறதைத்தான் நீங்க வாங்கிக்கணும்."

எழுதினார்: "செய்யாத வேலைக்கு முன்கூட்டியே கையெழுத்திட்டது என் குற்றம். அந்த வியாழக்கிழமை நான் ஆய்வகத்தில் இல்லை. தண்ணீரை ஊற்றியவர் யார் என்பது எனக்குத் தெரியும். நிரூபிக்க முடியாது."

தலைவர் எட்டிப் பார்த்தார். "கடைசி ரெண்டு வரி வேண்டாமே. தேவையில்லாத குழப்பம்."

"இருக்கட்டும் சார். அதுவும் நான் போட்ட கையெழுத்துக்கு மேலதான் இருக்கு."

பொறியாளர் தாளை வாங்கிப் படித்தார். தலைவரை ஒருமுறை பார்த்தார். வெந்நீரக்கா எழுதியதை அவர் நம்பினார் என்றே தோன்றியது. ஆனால் நம்புவது அவர் வேலை இல்லை. அறிக்கையில், நீரைத் தயாரிக்கும் ஊழியரின் பொய்க் கையொப்பமே காரணம் என்று ஏறியது. வெந்நீரக்காவின் தாள் பின்னிணைப்பாகப் போனது. பின்னிணைப்பை யாரும் படிப்பதில்லை.

தங்கை சொன்னது சரியாகிவிட்டது. வேலையைவிட்டு அனுப்பவில்லை, பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். தகடுகளின் நீர்வாய்களில் தூசி நுழையாதபடி ரப்பர் மூடி செருகி, உறையிட்டுப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஈரமில்லாத வேலை. முதல் வாரம் லேத்துக்காரர் அந்தப் பக்கம் வந்து வாசலில் தயங்கி நின்றார். என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகள் வெந்நீரக்கா வீட்டிலேயே இருந்தார். தங்கை போனில் கூப்பிட்டால் எடுப்பார். உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்டால் சொல்வார், திருப்பியும் கேட்பார். அதற்குமேல் பேச்சு நகராது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பிற்பகல் மாப்பிள்ளை பேக்கிங் பிரிவுக்கு வந்தார். கையில் சோதனைத் தாள்.

"ஒரு சந்தேகம். புதுசா வந்தவர் அரை மணி நேரம் கொதிக்க வெக்கறாரு, நானே நின்னு பாத்துட்டேன். ஆனாலும் அளவு குதிக்குது. ஒருநாள் எழுபது, ஒருநாள் அறுபத்தெட்டு."

வெந்நீரக்கா தாளை வாங்காமல், தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார். "தொட்டியில எப்படி ஊத்தறாரு?"

"மேலேர்ந்துதான்."

"மேலேர்ந்து ஊத்தினா சளசளன்னு காத்து திரும்ப ஏறிடும். ஒரு குழாயை அடிவரைக்கும் விட்டு, அடியிலேர்ந்து நெரப்பச் சொல்லுங்க."

அவர் குறித்துக்கொண்டார். பிறகும் போகவில்லை. மேசையில் இருந்த ரப்பர் மூடி ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்கக்கா. அவ தினமும் கேக்கறா. உங்க தட்டை எடுத்து வெச்சுட்டு, அப்புறம் எடுத்து உள்ள வெக்கறா. பாக்கவே கஷ்டமா இருக்கு."

"வர்றேன் சார்" என்றார் வெந்நீரக்கா. "அந்த ஒரு வரியை எழுதி வெக்கச் சொல்லுங்க, வர்றேன்."

"இனிமே அது எதுக்குக்கா? விசாரணைதான் முடிஞ்சு போச்சே."

"யாருக்கும் குடுக்க மாட்டேன். நான் மட்டும் வெச்சுக்கறதுக்கு."

அவர் சோதனைத் தாளை மடித்துக்கொண்டார். மூடியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். வெந்நீரக்கா அதைத் துடைத்து அடுத்த தகட்டில் செருகினார். மாலைக்குள் இன்னும் நாற்பது தகடு அடுக்க வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறும் அவர் போகவில்லை.